மைக்கில் வராத ஹிப்போட்ரோம்

எங்கள் வீட்டில் ஆறு எவர்சில்வர் டம்ளர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் விளிம்புக்குக் கீழே 'இரண்டாம் பரிசு' என்று பேர் வெட்டியிருக்கும். வெட்டியவர் கை அழுத்தமான கை. இத்தனை வருடம் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தும் ஓர் எழுத்துகூட மங்கவில்லை. காலையில் காபி கொடுக்கும்போது அந்த எழுத்துகள் சரியாக என் கண்ணுக்கு நேரே வரும்படி டம்ளரைத் திருப்பி வைப்பது என் மனைவியின் வழக்கம். தற்செயல் என்றுதான் முதல் வருடம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த டம்ளர்களுக்கும் பழைய கிரேக்கர்கள் குதிரை ஓட்டிய மைதானத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் செங்கல்பட்டில் குடியிருந்தோம். எனக்குக் கல்பாக்கத்தில் வேலை. விஞ்ஞானி இல்லை, விஞ்ஞானி கேட்கும் ஸ்பானரை எடுத்துக் கொடுக்கும் வகுப்பு. தினமும் காலையில் ஸ்டாஃப் பஸ். பஸ்ஸில் பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் சீட்டாடுவார்கள். நான் மட்டும் ஆங்கிலப் பேப்பரில் வரும் குறுக்கெழுத்துப் புதிரை நாலாக மடித்து வைத்துக்கொண்டு பேனா மூடியைக் கடித்தபடி உட்கார்ந்திருப்பேன். அதனால் எனக்குப் பஸ்ஸில் 'என்சைக்ளோபீடியா' என்று பெயர். கிண்டலுக்கு வைத்த பெயர் என்பது தெரியாமலில்லை. ஆனாலும் யாராவது அப்படிக் கூப்பிட்டால் முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும்.

அந்தப் புதிர் எப்படி நிரம்பியது என்பது பஸ்ஸுக்குத் தெரியாது. காலை ஆறு மணிக்கு நான் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குறிப்புகளைச் சத்தமாகப் படிப்பேன். என் மனைவி தோசையைத் திருப்பிக்கொண்டே பதில் சொல்வாள். நான் அதை மனதில் போட்டு வைத்துக்கொண்டு, பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டும்போது அப்போதுதான் பொறி தட்டியது மாதிரி எழுதுவேன். பக்கத்து சீட்டுக்காரர் பார்க்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வதும் உண்டு.

அவளுக்கு இத்தனையும் எப்படித் தெரியும் என்றால், அவள் தட்டச்சுப் பயிலகத்தில் பயிற்றுநர். கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே மாடியில், இங்கிலீஷ் ஹையர், தமிழ் ஹையர் என்று பரீட்சைக்குத் தயார் செய்யும் இடம். செங்கல்பட்டில் அரசாங்க வேலை கனவில் இருந்த அத்தனை பேரும் அந்த மாடிப்படி ஏறியவர்கள்தான். ஒரே பத்தியை ஆளாளுக்கு அடித்துத் தருவார்கள். தேயிலை ஏற்றுமதி, எரிமலை, கப்பல் கட்டும் விதம் என்று எதைப் பற்றியாவது ஒரு பத்தி. அத்தனை தாளையும் சிவப்பு மையில் திருத்துவது அவள். நான் படித்துத் தெரிந்துகொண்டதாகச் சொல்லிக்கொண்டதை எல்லாம் அவள் திருத்தியே தெரிந்துகொண்டிருந்தாள்.

எங்கள் ஊரில் ஏரிக்கரைப் பக்கம் ஒரு மனமகிழ் மன்றம் இருந்தது. மனம் மகிழ அங்கே ஒரு கேரம் போர்டும் ஏழெட்டு நாற்காலிகளும் உண்டு. பொங்கலை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் 'தம்பதியர் பொது அறிவுப் போட்டி' நடத்துவார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து ஓர் அணி. முற்போக்கான ஏற்பாடு என்று செயலாளர் ஒவ்வொரு வருடமும் வரவேற்புரையில் சொல்வார். போட்டி விதிகள் ஏழு. அவற்றை ஸ்டென்சிலில் அடித்துக் கொடுப்பது என் மனைவியின் பயிலகம். நாலாவது விதி இப்படி இருக்கும்: 'அணியின் பதிலைக் கணவர் மட்டுமே ஒலிபெருக்கியில் கூற வேண்டும். ஒலிபெருக்கியில் வந்த பதிலே பதிலாகக் கொள்ளப்படும்.'

அடிக்கும்போதே அவள் செயலாளரிடம் கேட்டிருக்கிறாள், ஏன் சார் இப்படி என்று. "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசினா குழப்பமாயிடும்மா" என்றாராம் அவர். குழப்பம் வராமல் இருக்க யாராவது ஒருவர்தான் பேச வேண்டும் என்றால், அந்த ஒருவர் யார் என்பதில் மன்றத்தில் யாருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

அந்த வருடம் நாங்களும் பெயர் கொடுத்தோம். நான்தான் கொடுத்தேன். அவளுக்குத் தெரிந்தது என்ன என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரிந்ததை என் வாயால் சொல்லிப் பழக்கமும் இருந்தது. ஜெயித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

கணக்கு கடைசிச் சுற்று வரை சரியாகவே வந்தது. மேடையில் இரண்டு அணிகள் மிஞ்சின. ஒரு பக்கம் நாங்கள். இன்னொரு பக்கம் எங்கள் பிரிவின் தலைமை விஞ்ஞானியும் அவர் மனைவியும். முதல் பரிசு பிரஷர் குக்கர். மேசைமேல் அது பளபளவென்று உட்கார்ந்திருந்தது. கேள்வி கேட்டவர் ஓய்வு பெற்ற ஒரு பேராசிரியர். கார்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தார்.

"பழைய கிரேக்க நாட்டில் குதிரைப் பந்தயமும் தேர்ப் பந்தயமும் நடந்த அரங்கத்துக்கு என்ன பெயர்? அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? முப்பது விநாடி."

என் மனைவி ஒரு விநாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. என் காதுப் பக்கம் சாய்ந்து, "ஹிப்போட்ரோம். குதிரை ஓடுற பாதைன்னு அர்த்தம்" என்றாள்.

அப்போது என் மூளை செய்த வேலையை இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. ஹிப்போ என்றால் நீர்யானை என்பது எனக்குத் தெரியும். வண்டலூர் பூங்காவில் பார்த்திருக்கிறேன். வாயைத் திறந்தபடி சேற்றுத் தண்ணீரில் கிடந்தது. அதற்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்? எதிரே உட்கார்ந்திருப்பவர் என் மேலதிகாரி. மைக்கில் நீர்யானை என்று சொல்லி அவர் சிரித்துவிட்டால் நாளைக்கு எந்த முகத்தோடு பஸ் ஏறுவது? நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மைக்கைப் பக்கத்தில் இழுத்தேன்.

"ஸ்டேடியம்" என்றேன். நிறுத்தி நிதானமாக, எல்லாம் தெரிந்தவன் குரலில்.

"தவறு" என்றார் பேராசிரியர். கேள்வி எதிர் அணிக்குப் போனது. விஞ்ஞானியின் மனைவி அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் மைக்கில், "ஹிப்போட்ரோம், குதிரை ஓடும் பாதை" என்றார். கைதட்டல். குக்கர் அந்தப் பக்கம் போனது. எங்களுக்கு ஆறு டம்ளர்.

எல்லாரும் சாம்பார் சாதப் பொட்டலத்தை நோக்கி நகர்ந்த பிறகு மைக் செட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார். பஜாரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர், மசூதித் தெருவாசி. ஊரில் கல்யாணம், காதுகுத்து, உரூஸ், கட்சிக் கூட்டம் எதுவானாலும் அவர் குழாய்தான் பேசும். ஒயரைச் சுற்றிக்கொண்டே பேசினார்.

"இன்னா அண்ணாத்த, அண்ணி கரெக்டா சொன்னாங்களே. நீ இன்னாத்துக்கு வேற சொன்ன?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஹெட்போன் மாட்டிகினுதானே குந்திகினு இருந்தேன். மைக்ல லேசா வந்துச்சு. எதிர்க்க இருந்தாரே பெரிய ஆபீசரு, அவருக்கும் அவரு வூட்டுக்காரம்மாதான் சொன்னாங்க. அந்த ஆளு அத்த அப்டியே சொல்லிட்டாரு. நீ சொல்லல. அவ்ளோதான் மேட்ரு."

"ஒயரை மிதிச்சிடப் போறாங்க, பாத்துக்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் சண்டை போடவில்லை. இரவு வழக்கம்போல் சப்பாத்தி செய்தாள். குருமாவில் உப்பு சரியாகவே இருந்தது. தப்பித்தோம் என்று தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலை நாற்காலியைப் போட்டு, பேப்பரை மடித்து, முதல் குறிப்பைப் படித்தேன். ஆப்பிரிக்காவில் ஓடும் ஒரு நதி, ஐந்து எழுத்து. உள்ளே தோசைக்கல்லின் சத்தம் மட்டும் கேட்டது. இன்னொரு தடவை படித்தேன்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. அதுதான் வினை. கோபம் என்றால் ஒரு முழம் மல்லிகைப் பூவோடு தீர்ந்துவிடும். இது தீர்மானம். சாவி எங்கே என்றால் சொல்வாள். கேஸ் எப்போது தீரும் என்றால் தேதியோடு சொல்வாள். ஆனால் ஓர் ஊர், ஒரு சொல், ஒரு பறவையின் பெயர் என்று கேட்டால், "எனக்கு எப்படித் தெரியும்?" அவ்வளவுதான். ஆறு மணிக்குச் சமையலறையிலிருந்து வரும் அந்தப் பதில்கள்தான் என் நாளின் நல்ல பகுதி என்பது அவை நின்ற பிறகே எனக்குப் புரிந்தது. எங்களுக்குள் பேச்சு என்று பெரிதாக இருந்தது அதுதான். அது போனபின் வீடு வெறிச்சென்றாகிவிட்டது. எனக்கு அவள் பதில்கள் வேண்டியிருந்தன, பஸ்ஸுக்காக இல்லை, எனக்காகவே. அதைத் திரும்பப் பெற ஒரே ஒரு வாக்கியம் போதும் என்பதும் தெரியும். நீ சொன்னதுதான் சரி. இந்த மூன்று சொல்லைச் சொல்வதைவிட கிரேக்க மொழியைக் கற்றுக்கொள்வது சுலபம் என்று எனக்குத் தோன்றியது.

ஆகவே நூலகம் போனேன். உண்மையில் போனது அவள் சொன்னதில் ஏதாவது ஓட்டை கிடைக்குமா என்று பார்க்க. அட்டை கழன்ற ஒரு பெரிய அகராதியை நூலகர் தூக்கி வந்து போட்டார். ஓட்டை இல்லை. ஹிப்போஸ் என்றால் குதிரை. ட்ரோமோஸ் என்றால் ஓட்டம், ஓடும் தடம். இரண்டும் சேர்ந்தது ஹிப்போட்ரோம். சரி, என் நீர்யானை எங்கே வந்தது என்று தேடினேன். அதுவும் குதிரைதானாம். ஹிப்போபொட்டாமஸ் என்றால் ஆற்றுக் குதிரை. அவ்வளவு பெரிய உடம்பைத் தண்ணீரில் பார்த்துவிட்டுக் கிரேக்கன் குதிரை என்றிருக்கிறான். நம் ஆள் அதையே பார்த்து யானை என்றான். கண்பார்வை விஷயத்தில் நாம் எவ்வளவோ தேவலை.

அடுத்து என் பதிலைப் புரட்டினேன். ஸ்டேடியம் என்பது முதலில் ஒரு நீளத்தின் அளவு. அந்த நீளத்துக்கு மனிதர்கள் ஓடினார்கள், அதனால் அவர்கள் ஓடிய களத்துக்கும் அதே பெயர் வந்தது. அதாவது நான் மைக்கில் சொன்ன பதிலில் குதிரையே கிடையாது. ரோமானியர்கள் குதிரை ஓட்டிய இடத்துக்கு சர்க்கஸ் என்று பெயர் வைத்தார்கள், வட்டம் என்ற பொருளில். அதையாவது சொல்லியிருந்தால் அரை மதிப்பெண்ணுக்குச் சண்டை போட்டிருக்கலாம்.

பக்கத்து அலமாரியில் கிரேக்க விளையாட்டுகளைப் பற்றி ஒரு புத்தகம் இருந்தது. அதையும் எடுத்தேன். எடுத்திருக்க வேண்டாம். தேர்ப் பந்தயத்தில் உயிரைப் பணயம் வைத்து ஓட்டியவனுக்கு மாலை இல்லையாம். குதிரைகள் யாருடையவையோ அவர் தலைக்குத்தான் மாலை. மணமான பெண்கள் அந்தத் திடலுக்குள் கால் வைக்கக்கூடாது என்று கட்டுப்பாடு. ஆனாலும் ஒரு ராஜகுமாரி தேர்ப் பந்தயத்தில் ஜெயித்திருக்கிறாள். ஓட்டியவன் எவனோ. குதிரை அவளுடையது, அதனால் வெற்றியும் அவளுடையது. அத்தனை ஆயிரம் வருடத்துக்கு முன்னால், பெண்ணை வாசலிலேயே நிறுத்திய ஊரில்கூட, குதிரை யாருடையது என்பதில் ஒரு நியாயம் இருந்திருக்கிறது. எங்கள் ஏரிக்கரை மன்றத்தில் அது இல்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

வீட்டுக்குப் போய் இதையெல்லாம் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸில் சொன்னேன்.

ஒரு வாரம் சொன்னேன். ஏரோட்ரோம் என்று நம் பெரியவர்கள் மீனம்பாக்கத்தைச் சொல்கிறார்களே, அதில் இருக்கும் ட்ரோமும் இதுதான், அது ஆகாயத்தில் ஓடுவது என்றேன். டாக்டர் எழுதித் தரும் சிண்ட்ரோம் என்பது நோயின் குறிகள் சேர்ந்து ஓடி வருவது என்றேன். விகடகவி மாதிரி முன்னும் பின்னும் ஒன்றாக வரும் சொல்லைப் பாலின்ட்ரோம் என்கிறார்களே, அது திரும்பி ஓடுவது என்றேன். சீட்டாடியவர்கள்கூடச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்கள். முன் சீட்டில் இருந்த தலைமை விஞ்ஞானி திரும்பிப் பார்த்து, "அன்னைக்கு மேடையில இதைச் சொல்லியிருக்கலாமே" என்றார். "பதற்றம் சார்" என்றேன். 'என்சைக்ளோபீடியா' பட்டம் தப்பியது. அந்தச் சொல்லை எனக்குக் கொடுத்தவள் யார் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்படியே வருடங்கள் ஓடின. ஒரு தடவை கருங்குழியிலிருந்து என் தங்கையும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். மாமல்லபுரம் கூட்டிப் போனோம். ஐந்து ரதத்தில் கல் யானை, கல் சிங்கம், கல் மாடு எல்லாம் பார்த்துவிட்டு மாப்பிள்ளை, "என்ன மச்சான், எல்லாம் இருக்கு, குதிரையைக் காணோமே" என்றார். அவர் சும்மாதான் கேட்டார். எனக்குக் குதிரை என்ற சொல் போதும். கடற்கரை வரும்வரை நிறுத்தவில்லை. ஹிப்போஸ், ட்ரோமோஸ், தேர், மாலை எல்லாம் வந்தது. மணலில் சவாரிக் குதிரைகள் போய்வந்து போய்வந்து ஒரு தடம் விழுந்திருந்தது. அதைக் காட்டி, "இதோ, இதுதான் ட்ரோமோஸ். லைப்ரரியில உக்காந்து நானே தேடிக் கண்டுபிடிச்சேன்" என்றேன்.

என் மனைவி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். குதிரைக்காரரிடம் போய், "ஒரு ரவுண்டு போகணும்" என்றாள். புடவையைச் சேர்த்துச் செருகிக்கொண்டு, அவர் கை கொடுக்க, ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தாள். குதிரை அந்தத் தடத்திலேயே கடற்கரைக் கோயில் வேலி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. நான் இரண்டு கையிலும் செருப்போடு நின்றேன்.

"எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"குதிரையைப் பத்தி எல்லாம் தெரிஞ்சவர் நீங்கதானே" என்று சொல்லிச் செருப்பை வாங்கிக்கொண்டாள்.

மாப்பிள்ளை சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அன்று முழுக்க எனக்குச் சுண்டல் இறங்கவில்லை.

போட்டி நடந்து பதினோரு வருடம் கழிந்தது. பயிலகத்தில் தட்டச்சு மெஷின்கள் போய்க் கம்ப்யூட்டர்கள் வந்தன. அவள் அதிலும் பயிற்றுநராகத் தொடர்ந்தாள். பஸ்ஸில் சீட்டுக்கட்டின் இடத்தை செல்போன் பிடித்தது. மன்றத்தின் பழைய செயலாளர் பிள்ளை வீட்டோடு போய்விட, என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். அந்த வருடப் போட்டிக்குக் கேள்வி கேட்பவனும் நான்தான். பொறுப்பு கைக்கு வந்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. அதே கேள்வியைக் கேட்பது. யாராவது பதில் சொன்னதும், பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே மேடையில் இதே பதிலைச் சரியாகச் சொன்னவர் என் மனைவி, கெடுத்தது நான் என்று எல்லார் முன்னாலும் சொல்வது. மன்னிப்பைக்கூட நிகழ்ச்சி நிரலில் சேர்த்துத்தான் என்னால் கேட்க முடியும் போலிருக்கிறது.

விதிமுறைத் தாளை அவளிடம் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் அடித்தாள். பிரிண்ட் எடுக்கும் முன்னால் நிமிர்ந்து பார்த்தாள்.

"நாலாவது விதி அப்படியே இருக்கட்டுமா?"

"இருக்கட்டும். வழக்கமா இருக்கிறதுதானே" என்றேன். என் புத்தி முழுக்க அந்தக் கேள்வியிலும் அதற்குப் பிறகு நான் பேசப்போகும் பேச்சிலும் இருந்தது. அவள் பிரிண்டரைத் தட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மன்றம் நிறைந்திருந்தது. மைக் செட்டுக்காரருக்கு தாடி நரைத்திருந்தது. ஹெட்போன் மட்டும் புதிது. என் மனைவி மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். கடைசிச் சுற்றில் மிஞ்சிய அணிகளில் ஒன்று படூரிலிருந்து வந்த இளம் தம்பதி. கணவனுக்கு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை, அந்தப் பெண் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்தாள். நான் எழுதி வைத்திருந்த அந்தக் கார்டின் முறை வந்தது. கேள்வியைப் படித்தேன்.

அந்தப் பெண் உடனே கணவன் காதில் சொன்னாள். மேடைக்குப் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. ஹிப்போட்ரோம். அந்தப் பையன் ஒரு கணம் யோசித்தான். அந்த முகத்தை எனக்குத் தெரியும். அவன் மைக்கை இழுத்தான்.

"ஸ்டேடியம்" என்றான். நிறுத்தி நிதானமாக.

அந்தப் பெண் என் மனைவியைப் போல் பேசாமல் இருக்கவில்லை. மைக்கை அவன் கையிலிருந்து வாங்கி, "ஹிப்போட்ரோம். குதிரை ஓடும் பாதைன்னு அர்த்தம். நான் இவர்கிட்ட சொன்னேன்" என்றாள். குரல் வெளியே கட்டியிருந்த குழாய் வரைக்கும் போனது.

பொருளாளர் விதித் தாளை எடுத்து நாலாவது வரியில் விரல் வைத்து என்னிடம் காட்டினார். எதிர் அணிக்காரர், "சார், ரூல் ரூல்தான்" என்றார். மைக் செட்டுக்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மூன்றாவது வரிசையிலிருந்தும் பார்த்தாள்.

"மன்னிக்கணும்மா" என்றேன் நான். "விதிப்படி கணவர் சொன்ன பதிலைத்தான் எடுத்துக்க முடியும். தவறு."

சொன்னது என் வாய்தான். பதினோரு வருடம் இந்த நாளுக்காகக் காத்திருந்த அதே வாய்.

எதிர் அணிக்குச் சொந்தமாகப் பதில் தெரியாது. அவர்கள் வேறு எதையோ சொல்லிவைத்தார்கள். மற்றவர் சொல்லிவிட்ட பதிலையே திரும்பச் சொல்ல அவர்களுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. வழக்கப்படி கேள்வி பார்வையாளர்களிடம் போனது. இன்னும் கெட்டுப்போகவில்லை, அவளே சொல்லட்டும், பிறகு நான் என் பேச்சைப் பேசிவிடுகிறேன் என்று நினைத்தேன். மைக்கிலேயே கேட்டேன்.

"மூணாவது வரிசையில, ஓரத்துல இருக்கறவங்க. உங்களுக்குத் தெரியுமா?"

அவள் எழுந்திருக்கவில்லை.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். செயலாளர் மனைவிக்கு என்ன அடக்கம் என்று முன்வரிசையில் ஓர் அம்மாள் சொன்னது காதில் விழுந்தது. நான் வாயைத் திறந்தேன். சிறப்பு விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டுப் பொட்டலங்கள் வந்து இறங்கிவிட்டன என்று பொருளாளர் சைகை செய்தார். அடுத்த கார்டை எடுத்துவிட்டேன்.

படூர் தம்பதிக்கு இரண்டாம் பரிசு. மன்றம் பழைய பழக்கத்தை மாற்றாத மன்றம், பேர் வெட்டும் கடையையும் மாற்றவில்லை. ஆறு டம்ளர்களை நானே அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். அவள் ஒன்றை எடுத்துத் திருப்பி எழுத்தைப் படித்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அவன் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தான், பாவம்.

மைக் செட்டுக்காரர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் கடந்து போனபோது நிமிரவில்லை.

"பேஜாரு அண்ணாத்த" என்றார். "இத்தினி வருசம் கழிச்சும் அதே இடத்துலயே நின்னுகினு கீறியே."

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்தினேன். தை மாதம் என்றாலும் வெயில் மண்டையைப் பிளந்தது. முன்னால் ஒரு லாரி, பக்கத்தில் ஒரு வெள்ளரிக்காய்க் கூடை. முகத்தைப் பார்க்காமல் சொல்வது சுலபமாக இருந்தது.

"அன்னைக்கு நீ சொன்னதுதான் சரி" என்றேன். "ஹிப்போட்ரோம். நான் கெடுத்துட்டேன். இன்னைக்கும் கெடுத்துட்டேன்."

பின்னால் அவள் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சரின்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். "இன்ஸ்டிட்யூட்ல அடிக்கக் குடுக்கற கிரேக்கப் பத்தியில அந்த வார்த்தையைத் தப்பா அடிக்காத ஆள் கிடையாது. எத்தனை தடவை திருத்தியிருப்பேன்."

"அப்புறம் என்ன? நான் சொல்லணும்னுதானே இருந்த? இப்பச் சொல்லிட்டேனே."

ரயில் வந்தது. நீளமான சரக்கு ரயில். அது முழுதாகப் போகும்வரை அவள் காத்திருந்தாள்.

"மைக்ல வரலையே" என்றாள். "மைக்ல வந்தாத்தானே பதில்."

கேட் திறந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். திரும்பிப் போய் மைக் செட்டுக்காரரை ஒயரைப் பிரிக்கச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். மன்றத்தில் இந்நேரம் யார் இருப்பார்கள், பொட்டலமும் தீர்ந்திருக்கும் என்று இன்னொரு கணம் நினைத்தேன். வண்டி வீட்டுப் பக்கமே போனது.

அடுத்த வருடம் நாலாவது விதியை எடுத்துவிட்டோம். அதற்கடுத்த வருடம் போட்டியே நின்றுபோனது, கூட்டம் சேரவில்லை. நான் பேச நினைத்த பேச்சுக்கு மேடையும் போயிற்று. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். முழுதும் எழுதி முடித்து இன்று காலை சமையலறை வாசலில் நாற்காலி போட்டு அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். டம்ளர்கள், ராஜகுமாரி, மாமல்லபுரத்துக் குதிரை எல்லாவற்றையும். தோசைக்கல்லின் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"அச்சுல வந்தா, மைக்ல வந்த மாதிரிதானே?" என்று கேட்டேன்.

காபியைக் கொண்டுவந்து வைத்தாள். எழுத்து என் பக்கம் பார்க்கும்படி டம்ளரைக் கொஞ்சம் திருப்பினாள்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.